‘சின்ஸ்’ எப்போது, ‘ஃபார்’ எப்போது? தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம்

“ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.” இன்டர்வியூக்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். இதில் கோளாறு இரண்டு. சரிசெய்ய வீட்டில் பேசும் தமிழே பாதி வேலையைச் செய்துவிடும்.

முதலில், சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லுங்கள். காலம் குறிக்கும் சொல் எப்படி முடிகிறது? ‘2019-லிருந்து’, ‘காலையிலிருந்து’, ‘கல்யாணம் ஆனதிலிருந்து’ என்றால் சின்ஸ். ‘அஞ்சு வருஷமா’, ‘ரெண்டு நாளா’, ‘ரொம்ப நேரமா’ என்றால் ஃபார். முன்னது தொடங்கிய இடம், பின்னது நீளம்.

ஆனால் எல்லா ‘இருந்து’ம் சின்ஸ் ஆகாது. ‘மதுரையிலிருந்து’, ‘நாளையிலிருந்து’, ‘ஒன்பதிலிருந்து ஐந்து வரை’ மூன்றுக்கும் ஃப்ரம்தான். எப்போதோ தொடங்கி இந்த நிமிஷம் வரை நீள்வதற்கே சின்ஸ்.

அடுத்து வினைச்சொல். தமிழில் ‘வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே முடித்துவிடுகிறோம். அதனால்தான் ‘ஐ ஆம்’ வாயில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அங்கே ‘ஹேவ் பீன்’ வேண்டும்: “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.” பையனின் இருமலை டாக்டரிடம் சொல்லும்போது, “ஹீ ஹேஸ் பீன் காஃபிங் சின்ஸ் மண்டே.” வியாழக்கிழமை போய் நாள் கணக்கில் சொன்னால், “ஹீ ஹேஸ் பீன் காஃபிங் ஃபார் த்ரீ டேஸ்.” இந்த ஜோடியை வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள், அட்டவணை போட்டுப் படிப்பதைவிட இது மேல்.

தமிழ்ச் சோதனை கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. ‘நாம பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு’ என்பது “இட்ஸ் பீன் டூ இயர்ஸ் சின்ஸ் வீ மெட்.” வருஷக் கணக்கு இருந்தும் சின்ஸ் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அதன் பின்னால் நிற்பது ‘டூ இயர்ஸ்’ அல்ல, சந்தித்த நிகழ்ச்சி.

கடைசியாக, காரணம் சொல்லும் சின்ஸ். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூலம் கிட்டத்தட்ட ‘சித்தன்’ என்றே ஒலிக்கும் (நம் சித்தர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பொருள் ‘அதன் பிறகு’. பின்னால் வந்தது முன்னால் நடந்ததன் விளைவு என்று கொள்ளப்போய், ‘என்பதால்’ என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. “சின்ஸ் இட்ஸ் ரெய்னிங், லெட்ஸ் டேக் அன் ஆட்டோ.” மழை பெய்வது எதிரில் இருப்பவருக்கும் தெரியும், அப்படித் தெரிந்த காரணத்துக்கே இது பொருந்தும். “நேற்று ஏன் வரலை?” என்று மேனேஜர் நேராகக் கேட்டால், பதில் பிகாஸில்தான் தொடங்க வேண்டும்.