இரவு ரயிலில் பக்கத்து பெர்த்காரர் மனம் நோகாமல் ஊர் போய்ச் சேர்வது எப்படி

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் இப்போதெல்லாம் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் போனுக்குள் போய்விடுகிறோம். முன்பெல்லாம் "நீங்க எங்க இறங்கணும்?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், அதற்கப்புறம் ஜன்னலை இறக்கச் சொல்வதும் விளக்கை அணைக்கச் சொல்வதும் சுலபமாக இருந்தது. ஜனங்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதுவரை முகம் கொடுத்தே பேசாத ஆளிடம் நடுராத்திரியில் ஒன்றைக் கேட்கப் போனால் அது அதட்டலாகத்தான் வாயில் வரும், அங்கேதான் பாதி சண்டை ஆரம்பிக்கிறது.

அதனால் பையை சீட்டுக்கு அடியில் தள்ளியதும் முதல் வேலையாக எதிரில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். ஊர் தெரிந்தால் போதும், வேலை, சம்பளம், கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் தோண்ட வேண்டாம்.

அடுத்தது பெர்த் மாற்றிக் கேட்பது. 60 வயது கடந்த ஆண்களுக்கும் 45 வயது கடந்த பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, இருந்தும் கிடைக்காமல் போவது உண்டு. அப்படிக் கிடைக்காதபோது கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் லோயர் பெர்த்காரர் வருவதற்குள் அம்மாவை அவர் இடத்தில் படுக்க வைத்துப் போர்த்தியும் விட்டு, அப்புறம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று சொல்வது கேட்பது ஆகாது. நின்றுகொண்டு கேளுங்கள்: "சார், அம்மாவுக்கு முட்டி வலி, மேல ஏற முடியாது, என்னோட அப்பர் உங்களுக்குச் சரிப்படுமா?" முடியாது என்றால் "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். அவருக்கும் வெளியில் தெரியாத முதுகுவலி இருக்கலாம், அதை உங்களிடம் விளக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

மிடில் பெர்த்தை இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் விரித்து வைக்கலாம். 2017க்கு முன்னால் 9 மணியாக இருந்தது, இன்னும் சிலர் அந்தக் கணக்கிலேயே சண்டை போடுகிறார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் கிளம்பவே ஒன்பதரைக்கு மேல் ஆகிறது என்பதால் தாம்பரம் தாண்டும்போது 10 மணி ஆகிவிடும், கீழே இருப்பவர் அப்போதுதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார். சங்கிலியைக் கையில் பிடித்தபடி நிற்காமல், "சாப்பிட்டு முடிங்க, அப்புறம் போட்டுக்கறேன்" என்று சொல்லுங்கள், அவரே சீக்கிரம் முடித்துவிடுவார்.

செங்கல்பட்டில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வரும்போது பெட்டி தூங்கியிருக்கும். உங்கள் நம்பரைத் தேட பெரிய விளக்குகளை எல்லாம் போட வேண்டாம், போன் டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்தால் போதும்.

ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓட்டுகிறவரிடம் என்ன சொல்வது என்பதுதான் பலருக்கும் சிக்கல். இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டுப் போடுவதும் போனில் கத்திப் பேசுவதும் கூடாது என்று 2022இல் ரயில்வே தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த விதியை முதலிலேயே எடுத்து நீட்டாதீர்கள். அருகில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தம்பி, ஹெட்செட் போட்டுக்கறீங்களா, குழந்தை தூங்குது" என்று சொல்லுங்கள். இருக்கும் இடத்திலிருந்தே "அறிவில்லையா?" என்று கத்தினால் பத்துப் பேர் முன்னால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும், சத்தத்தை வேண்டுமென்றே கூட்டுவார். பெரியவர்கள் வீடியோ காலில் பேரனோடு பேசும்போது சத்தம் கூடுவது பெரும்பாலும் காது மந்தத்தால்தான், அவர்களிடம் கோபப்படாமல் "ஐயா, நான் வால்யூம் வச்சுத் தரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை என்றால் நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். டிடிஆரிடம் சொல்லுங்கள், அவர் கண்ணில் படவில்லையென்றால் 139க்கு அழைக்கலாம், ரயில்வேயின் 'ரயில் மதத்' (Rail Madad) செயலியிலும் புகார் போடலாம். பிஎன்ஆர் எண், கோச், பெர்த் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், தூக்கக் கலக்கத்தில் டிக்கெட்டைத் தேடி நிற்க வேண்டியிருக்காது.

விடிகாலையில் திண்டுக்கல்லில் இறங்குகிறவர்கள் அலாரத்தை வைப்ரேஷனில் போட்டு போனைத் தலையணைக்கடியில் வையுங்கள். செருப்பு, பை எல்லாவற்றையும் இரவே ஒரு பக்கமாக எடுத்து வைத்துவிட்டால் விளக்கே போடாமல் இறங்கிவிடலாம்.