மங்களாபாயின் தாய்வீடு

ராஜா ரவிவர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டியும் ஓவியர்தான். அண்ணனை அவர் வரைந்த படம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர் குடும்பத்தைத் தேடப்போய் ஒரு வாரம் முட்டிக்கொண்டேன். நம் வழக்கப்படி அப்பா எழுமாவில் நீலகண்ட பட்டதிரியின் பக்கமே துழாவினேன். மகளைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது: கேரளத்தில் அப்போது மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறை, பிள்ளைகள் தாய்வீட்டுக்காரர்கள். சரி என்று கிளிமானூர் அரண்மனையைச் சேர்ந்த தாய் உமாம்பாபாயைப் பிடித்தேன். அவரே கவிஞர்! 'பார்வதி சுயம்வரம்' எழுதியவர். அம்மா இறந்தபின் ரவிவர்மாதான் அதை அச்சிட்டார். அண்ணன்மார் கோதவர்மா, ஓவியர் ராஜராஜவர்மா எல்லாரும் வரிசையாக வந்தார்கள்.

இன்னொன்று, 'தம்புராட்டி' குடும்பப் பெயரல்ல, அரச குலப் பெண்களுக்கான பட்டம். அதை நீக்கிவிட்டுத் தேடியதும் சம்பந்தமில்லாத ராணிகள் விலகிக்கொண்டார்கள்.