சிஸ்டம் நின்றதும் சுவிட்சை அணைக்காதீர்கள்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் தெருவில் யாராவது கூப்பிடுவார்கள். "தம்பி, கம்ப்யூட்டர் அப்படியே நின்னு போச்சுப்பா, நானும் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டுப் பாத்துட்டேன்." நின்றுபோனதைவிட எனக்குப் பதற்றம் தருவது அந்தச் சுவிட்சு விஷயம்தான். ஹார்ட் டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போதோ, விண்டோஸ் அப்டேட் பாதியில் இருக்கும்போதோ கரண்டைப் பிடுங்கினால், ஐந்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டியது ஒரு நாள் வேலையாகிவிடும்.

முதலில் நின்றது எது என்று பாருங்கள். மவுஸ் அம்பு நகர்கிறதா? கேப்ஸ் லாக்கை அழுத்தினால் கீபோர்டில் விளக்கு எரிந்து அணைகிறதா? ஆம் என்றால் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கிறது, பெரும்பாலும் பிரவுசர் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கும். குரோமில் இருந்தால் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப் எவ்வளவு மெமரியை விழுங்குகிறது என்று ஒரு பட்டியல் வரும், அதில் அந்த ஒன்றை மட்டும் முடித்துவிடலாம். 2008-இல் வந்த நாளிலிருந்தே குரோம் டேப்களைத் தனித்தனி புராசஸாக, அதாவது தனித்தனி வேலையாகப் பிரித்து ஓட்டுகிறது, அதனால் ஒன்று செத்தாலும் மற்றவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பிரவுசரே அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து அங்கே மூடுங்கள். திரை மட்டும் உறைந்ததுபோல் இருந்தால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி-யையும் அழுத்துங்கள். திரை ஒரு கணம் இருண்டு, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். எதற்குமே அசையவில்லையா? சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசி வழியாக கேபினெட்டில் உள்ள பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கலாம்.

பிரவுசர் அடிக்கடி தொங்கினால் பலரும் செய்வது, ஹிஸ்டரி, குக்கி, பாஸ்வேர்டு என்று இருக்கிற எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு மொத்தமாக அழிப்பது. எங்கள் மதினி அப்படித்தான் அழித்தார்கள். தொங்கல் அப்படியே இருந்தது, சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள்தான் போயின. அதற்கு முன் ஒரு இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, அதே தளத்தில் பத்து நிமிடம் வேலை செய்து பாருங்கள். பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்கள் நாம் அனுமதி கொடுக்காத வரை அங்கே ஓடாது. அங்கே ஒழுங்காக ஓடினால் பெரும்பாலும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் காரணம். மதினி வீட்டில், புனலூர்ப் பக்கம் ரப்பர் விலை, மிளகு விலை பார்ப்பதற்காக மலையாளப் பக்கத்தைத் தமிழாக்க என்று ஆளாளுக்கு ஒன்று போட்டு நான்கு எக்ஸ்டென்ஷன் இருந்தது. மூன்றை நீக்கினேன், அதோடு தொல்லை தீர்ந்தது. வீடியோ ஓடும்போது மட்டும் உறைந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

சைரன் சத்தத்தோடு திரையை அடைத்துக்கொண்டு "வைரஸ், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தால் அது ஹேங்க்கே அல்ல, ஏமாற்று. கூப்பிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிட்டு, மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.

விண்டோஸின் உள் பதிவேட்டைச் சுத்தம் செய்கிறேன் என்னும் ரெஜிஸ்ட்ரி கிளீனர், மெமரியை (ராம்) விடுவிக்கிறேன் என்னும் ராம் பூஸ்டர், இருக்கிற ஆன்டிவைரஸுக்கு மேல் இன்னொரு ஆன்டிவைரஸ், இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

அப்புறம் ஃபார்மட், அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. சிஸ்டம் தானாக அணைந்து எழுந்தால் உடனே ஃபார்மட் என்கிறார்கள், இதைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன். எங்கள் ஊரில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கரண்ட் ஒரு நொடி போய் வரும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், பல்பு கண் சிமிட்டும், கம்ப்யூட்டர் மட்டும் விழுந்து எழும். பக்கத்து வீட்டில் இதற்காக இரண்டு முறை ஃபார்மட் செய்திருந்தார்கள். நான் போனபோது கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு யுபிஎஸ்ஸில் ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்தேன். லேம்ப் அந்தக் கணமே அணைந்தது. யுபிஎஸ்ஸின் உள்ளே இருந்த 12 வோல்ட் பேட்டரி பக்கவாட்டில் உப்பிப் போயிருந்தது, கோளாறு விண்டோஸில் இல்லை. விண்டோஸ் நடந்ததை எல்லாம் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைக் காட்டி ஏதேதோ பழுது சொல்வார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் சிஸ்டம் நின்றது என்பதுதான் அதற்குப் பொருள், ஏன் நின்றது என்பதை அது சொல்லாது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் வரும் பக்கத்தில் என்றைக்கு எது விழுந்தது என்று நாள்வாரியாகச் சிவப்புக் குறியோடு இருக்கும். அதற்கு முந்தைய நாள் என்ன புதிதாகப் போட்டோம் என்று யோசித்தாலே பல சமயம் காரணம் தெரிந்துவிடும்.

விண்டோஸ் பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுபோகும் நீலத் திரை வந்தால் ராம் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்ததற்கு ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்தான் காரணம். திரையில் வரும் குறியீட்டை போனில் படம் எடுத்து வையுங்கள். ஆனால் ஈரப்பதம் உள்ள ஊரில் ராமின் பொன்னிறப் பட்டைகள் மங்குவதும் உண்மைதான். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டலாம். ஈரத்துணியோ உப்புத்தாளோ கூடாது.

தினமும் ஷட் டவுன் செய்கிறோமே என்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் சீக்கிரம் எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் சிஸ்டத்தில் ஷட் டவுன் முழுதாக எல்லாவற்றையும் மூடாது, ரீஸ்டார்ட்தான் மூடும். வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 7 வைத்திருந்தால் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிடும். புதிய தளங்கள் அதில் திணறினால் ஃபார்மட் செய்தும் பயனில்லை.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ, டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் போடாதீர்கள், பிரவுசரையும் மறந்துவிடுங்கள். டிஸ்க்குக்கு மிச்சமிருக்கிற தெம்பு அந்தச் சோதனையிலேயே போய்விடலாம். வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி, குழந்தைகளின் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், கணக்கு ஃபைல்கள் என்ற வரிசையில் எடுங்கள். கட் செய்ய வேண்டாம், காப்பி மட்டும்.