படையில் இருந்தவர் புகலிட வாக்குமூலம் எழுதுவது எப்படி

போர்க்காலத்தில் படையில் இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவருக்குப் புகலிடம் இல்லாமல் போகாது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 1எஃப் பிரிவு அகதிப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவைப்பது, போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றைச் செய்தார் என்று கருதத் தீவிரமான காரணம் உள்ளவர்களைத்தான். பயந்துபோய் படைச் சேவையையே மறைப்பதுதான் பெரிய தவறு. பின்னாளில் ஒரு புகைப்படத்தில் அது தெரியவந்தால், நீங்கள் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

முதலில் ஒரு தாளில் கால வரிசை எழுதுங்கள்: எந்த வயதில் சேர்ந்தீர்கள், விரும்பியா, பிடித்துச் சென்றார்களா, எந்த அணி, என்ன வேலை, யாருக்குக் கீழே, எப்போது வெளியேறினீர்கள். 18 வயதுக்கு முன்பே சேர்த்திருந்தால் அதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தேதி நினைவில்லையென்றால் 'மழைக்காலம், அறுவடைக்கு முன்' என்று எழுதினால் போதும். ஊகித்து எழுதிய தேதி நேர்காணலில் மாறிவிடும்.

அடுத்து, 'நாங்கள்' என்ற சொல்லைத் தேடித் திருத்துங்கள். 'ஊரைச் சுற்றி வளைத்தோம்' என்றால் உங்கள் கை எதைச் செய்தது? காவல் நின்றீர்களா, வண்டி ஓட்டினீர்களா, சுட்டீர்களா? செய்தது, கண்ணால் கண்டது, கேள்விப்பட்டது, மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

'மேலிடத்து உத்தரவு' என்று மட்டும் எழுதினால் நிற்காது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதைப் பொறுப்பிலிருந்து விடுபடும் காரணமாகப் பொதுவாக ஏற்பதில்லை. மிரட்டலுக்குப் பணிந்து செய்தவர்களைப் பொறுத்தவரை 31ஆம் பிரிவு, உயிருக்கு உடனடி ஆபத்தோ, உடலுக்கு உடனடியான அல்லது தொடர்ந்த கடும் ஆபத்தோ இருந்ததா, தவிர்க்க நினைத்த தீங்கைவிடப் பெரிய தீங்கு செய்ய எண்ணினீர்களா என்று பார்க்கிறது. ஆகவே மிரட்டியவர் யார், மறுத்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது, தப்ப முதல் வாய்ப்பு எப்போது கிடைத்தது என்பதை எழுதுங்கள். வாய்ப்புக் கிடைத்தும் தங்கியிருந்தால், காரணம் கட்டாயம் கேட்கப்படும்.

'மனசாட்சி ஒப்பவில்லை' என்ற வரிக்குப் பின்னால் ஒரு செயல் வேண்டும்: எந்த உத்தரவை மறுத்தீர்கள், வேறு வேலை கேட்டீர்களா, என்ன தண்டனை கிடைத்தது. சண்டைக்குப் பயந்து ஓடியது மட்டும் அகதி நிலைக்குப் போதாது. போர் நெறிக்கு மாறான செயலில் பங்கெடுக்க மறுத்து ஓடியது வேறு. செய்யாத நல்லதைச் சேர்க்காதீர்கள். வருந்தும் செயல் இருந்தால், விண்ணப்பம் கொடுக்குமுன் வழக்கறிஞரிடம் முழுவதும் சொல்லுங்கள். சொல்ல நாவு எழாது. இரண்டு மூன்று அமர்வு ஆகட்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் பதவிப் பெயர்களில்தான் அதிகம் தடுமாறுவார்கள். அணித் தலைவர் தளபதியாகிவிட்டால் உங்கள் பொறுப்பே மாறிவிடும். எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லி, திருத்திய பிறகே கையெழுத்திட்டு, ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.