கல்லூரியில் சாதிப் பாகுபாடு: புகார் எழுதும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் சாதியின் பெயரால் சேரும் மாணவர் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை தேவைப்படுவதில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவும் விடுதியில் நாலைந்து அறைகளும் போதும். அதனால்தான் பாதிக்கப்பட்டவரின் புகாரை "பசங்களுக்குள் சண்டை" என்று எழுதி மூடிவிட முடிகிறது. அதற்கு இடம் தராமல் புகாரை எழுத வேண்டும்.

நடந்த அன்றே நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லப்பட்ட வசையை, எழுதக் கூசினாலும், அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை" என்று நாகரிகம் பார்த்தால் புகாரின் வலு போய்விடும். அருகில் இருந்தவர்களின் பெயர்களும் கட்டாயம் வேண்டும். ஏனெனில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது பிறர் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். பூட்டிய அறையில் இருவருக்குள் நடந்தது என்றால் அந்தப் பிரிவு நிற்காது.

முதல் புகாரை ராகிங் தடுப்புக் குழுவுக்குக் கொடுப்பதே நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிமுறைகளில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், சாதி, இனம், மொழி, பிறந்த ஊர் ஆகியவற்றைக் காரணம் காட்டி ஒரு மாணவரை ஒதுக்கிவைப்பதையும் ராகிங் என்றே சொல்கிறது. ஆகவே எந்தச் சாதி மாணவரும் இவ்வழியில் செல்லலாம். கட்டணமில்லா உதவி எண் 1800-180-5522. உணவுக்கூடத்திலோ விளையாட்டுத் திடலிலோ தனியே பிரித்து வைத்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகளைச் சுட்டி, கல்லூரியின் சம வாய்ப்புப் பிரிவுக்கும் ஒரு மனு கொடுங்கள்.

ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி என்றால் கல்லூரி முதல்வரிடம் முறையிட்டு மட்டும் பயனில்லை. காப்பாளர் அவருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

காவல் நிலையத்துக்குச் செல்வது பட்டியல் சாதி அல்லது பழங்குடி மாணவர் என்றால் சாதிச் சான்றிதழின் நகலை இணைக்க வேண்டும். சித்தேரி, வத்தல்மலைப் பகுதியிலிருந்து வரும் மலையாளி (கேரளத்தவர் அல்லர், மலைவாழ் சமூகத்தினர்) மாணவர்களும் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்களே. வன்கொடுமை வழக்கை விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்; முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். காவல் நிலையத்தில் தயக்கம் காட்டினால் 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

எங்கு மனு கொடுத்தாலும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால், அதே மனுவைப் பெறுகைச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.