எல்லாவற்றையும் விளக்கும் தத்துவம்: தேடுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

கல்லுக்கும் கணக்குக்கும் கண்ணீருக்கும் கடவுளுக்கும் ஒரே சட்டகத்தில் இடம் வேண்டும் என்று கொப்பி கொப்பியாக எழுதும் பிள்ளைகள் ஹட்டனிலும் இருக்கிறார்கள், பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். "நிறைய வாசியுங்கள், அவசரப்படாதீர்கள்" என்ற புத்திமதி இங்கே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழியில் பின்னால் வருகிறவர்களும் விழுவதுதான் பொறுக்கவில்லை.

சேர்த்துக்கொள்வதை விளக்கம் என்று நினைப்பது

நல்லதண்ணியில் தொடங்கி இரவோடு இரவாகச் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் நடுவழித் தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் இந்தப் பேச்சு வரும். பௌத்தருக்குப் புத்தர் பாதம், சைவருக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம், கிறிஸ்தவர் சிலருக்குப் புனித தோமையார் பாதம், "பெயர்தான் வேறு, உண்மை ஒன்றுதான்." கொப்பியின் முதல் வரியும் அதுவாகிவிடும்.

ஒவ்வொருவரும் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? ஆதம் படைக்கப்பட்ட மனிதர். சிவன் பிறப்பிலி. தேரவாத பௌத்தத்திலோ உலகைப் படைத்தவர் என்று ஒருவரே இல்லை. படைத்தவன் உண்டு என்பதையும் இல்லை என்பதையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் இரண்டு கூற்றும் செத்துவிடும். "ஏதோ ஒன்று இருக்கிறது" என்பதுதான் மிஞ்சும். அதைச் சொல்ல மலையேறத் தேவையில்லை. நான்கு சமயத்தாரும் ஒரே படியில் ஏறுவது அழகான மரியாதை. அந்த மரியாதையைக் கோட்பாடாக்குவதுதான் எரிச்சலூட்டுகிறது.

இதே தவறு வேறு உடுப்பிலும் வரும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் ஏன் இத்தனை தலைமுறை? "வினைப்பயன்." இங்கே புரட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். நடந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்கு நேர்மாறானதை அடுத்த வரியில் எழுதுங்கள். உங்கள் விளக்கம் இரண்டுக்கும் பொருந்தினால் அது எதையும் விளக்கவில்லை. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டம் வராமலே போயிருந்தால்? அதுவும் வினைப்பயன்தான். அப்படியானால் இது ஏன் நடந்தது, அது ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி தொடப்படவே இல்லை. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம் (சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (இப்போது அனுபவிப்பது), ஆகாமியம் (இனிச் சேர்வது) என்று மூன்றாகப் பிரித்து நுணுக்கமாகப் பேசுகிறது. சட்டைப்பையில் வைத்திருந்து எடுத்து நீட்டும் பதில் அந்த நுணுக்கத்தைச் சேர்ந்ததல்ல.

சரியான விளக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த மலைகளிலேயே உதாரணம் உண்டு. 1869இல் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1880இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் அதை ஒரு பூஞ்சையின் வேலை என்று நிறுவினார்: பூஞ்சையின் விதை போன்ற வித்தி இலையில் விழ வேண்டும், அது முளைக்க ஈரம் வேண்டும். வித்தி வராத இலையில் துரு வராது என்று இந்த விளக்கம் தடுத்துச் சொல்கிறது. தவறாகிப் போகும் ஆபத்தையும் ஏற்றுக்கொள்கிறது. "எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை" என்பது எந்த இலையையும் தடுக்கவில்லை.

பழைய ஆசிரியர்கள் இதை அறிந்திருந்தார்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதர் முதலானோரைப் பரபக்கம் என்ற பகுதியில் மறுத்துவிட்டுத்தான் சுபக்கம் என்ற பகுதியில் தன் கொள்கையைச் சொல்கிறது. உங்கள் கொப்பியிலும் இடப்பக்கத்தை மறுப்புக்கு ஒதுக்குங்கள். சட்டகம் எவற்றை இல்லை என்கிறது? ஐந்தாவது எழுதுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் வலப்பக்கத்தில் உள்ளதை அடித்துவிடலாம்.

சொல் ஒன்று, வேலை வேறு

சாங்கியம் என்ற பழைய தரிசனம் உலகின் அடிப்படைக் கூறுகளைத் தத்துவங்கள் என்கிறது. அதன் 25 தத்துவங்களில் புருடன் இயற்கையிலிருந்து முற்றிலும் வேறான அறிவு. சைவ சித்தாந்தத்தின் 36 தத்துவங்களில் புருடன் வித்தியா தத்துவம் ஏழில் ஒன்று, மாயையின் பக்கம். இரண்டு பட்டியலையும் "பொதுவானவை" என்று ஒட்டுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அது எதோடு முரண்படுகிறது என்று பக்கத்தில் குறித்தால் பாதி ஒட்டுக்கள் தானே கழன்றுவிடும்.

எண் பொருத்தம்

36 தத்துவங்களை வேதியியலின் 118 தனிமங்களோடு பொருத்தாதீர்கள்.

குவாண்டம்

சமன்பாட்டைப் போட்டுக் காட்ட முடிந்தால் மட்டும் இந்தச் சொல்லை எடுங்கள்.

கேடல்

கணிதவியலாளர் கேடலின் முழுமையின்மைத் தேற்றத்தையும் இழுப்பார்கள். 1931இல் அவர் நிறுவியது, எண்கணிதத்தைக் கொள்ளக்கூடிய, முரணற்ற முறைசார் அமைப்புகளைப் பற்றி. "எதையும் முழுதாக அறிய முடியாது" என்பது அவருடைய தேற்றமல்ல.

இல்லாததை விட்டுவிடுவது

கூடையில் கொழுந்து இல்லை. அந்த "இல்லை"தான் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட வைக்கிறது. அதற்கு உங்கள் சட்டகத்தில் இடம் எங்கே? உள்ளவற்றை வகைப்படுத்திய வைசேடிகத் தரிசனத்தார் பொருள், குணம், தொழில், பொதுமை, சிறப்பு, ஒற்றுமை என்று ஆறில் தொடங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் அபாவத்தை, அதாவது இன்மையை, ஏழாவதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு கல், 7 என்ற எண், பல்வலி, கொடுத்த வாக்கு, நேற்றைய கனவு, காலிக் கூடை: இந்த ஆறையும் ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பாருங்கள். கல் எளிதாகப் போய்விடும். வாக்கு பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

சட்டகத்தையே வெளியே விட்டுவிடுவது

கல் முதல் காலிக் கூடை வரையான அந்த ஆறுக்குப் பிறகு ஏழாவதாக உள்ளே வைக்க வேண்டியது சட்டகத்தைத்தான். "எல்லாம் மாயை" என்றால் அந்தக் கூற்றும் மாயையா? "எல்லாம் சடப்பொருள்" என்றால் அந்தக் கூற்று சரி என்பது எந்தப் பொருள்? "எல்லாம் சூனியம்" என்ற பௌத்த மெய்யியலாளர் நாகார்ச்சுனரிடம் இதைக் கேட்டவர்களுக்கு, தனக்கென்று ஒரு கூற்றே இல்லை என்று பதில் சொன்னார். அத்வைதிகள் வியாவகாரிகம் (அன்றாட நடைமுறை), பாரமார்த்திகம் (இறுதி உண்மை) என்று இரண்டு தளம் வைத்தார்கள். இரண்டுக்கும் விலை உண்டு: முதலாவதில் நீங்கள் எதையும் நிலைநாட்ட முடியாது, இரண்டாவதில் இரண்டு தளத்துக்கும் இடையிலான உறவைத் தனியாக விளக்க வேண்டும். எந்த விலையைக் கொடுக்கிறீர்கள் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பேனை வேண்டாம், பென்சில் போதும்.