பின்சந்துப் பூனைக்கு மலப் பரிசோதனை

31 வருடம் மனிதர்களின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். ஓய்வுபெற்ற பிறகு சம்பளமே இல்லாமல் பூனைகளின் மலத்தைப் பார்க்கிறேன். ரங்கூனில், அனவ்ரதா சாலைக் காளியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், நான்காம் மாடியில் எங்கள் வீடு. கட்டடங்களின் முதுகுப் பக்கம் ஓடும் சந்தில் 11 பூனைகள். பர்மிய மொழியில் பூனைக்கும் மடாலயத்துக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான், ‘சௌங்’. குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். காலையில் சோற்றுக்கு இவை வரிசையாக வந்து உட்காருவதைப் பார்த்தால் அந்த ஒற்றுமை தற்செயலில்லை என்று தோன்றும்.

“புழு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் அக்கா” என்று மாடிக்கு மாடி கேட்கிறார்கள். எப்படிப் பார்ப்பது என்பதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் சிக்கல் நுண்ணோக்கி அல்ல. அந்த மலம் யாருடையது என்பது. சந்தில் கிடப்பதை அள்ளிக்கொண்டு வந்தால் எந்தப் பூனை என்று தெரியாது. மண்ணில் தானாக வாழும் புழுக்களும் அதற்குள் ஏறியிருக்கும். எங்கள் வெயிலில் கொக்கிப் புழுவின் முட்டை ஒரே நாளில் பொரித்துவிடும். அப்போது எது மண்ணுப் புழு, எது பூனைப் புழு என்று பிரிப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. கருத்தடைக்காகப் பொறிக்கூண்டில் பிடிக்கும் நாள்தான் நல்ல வாய்ப்பு. கூண்டின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். இரவுக்குள் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும், பெயர் விலாசத்தோடு.

கையுறை போட்டு, மூடியுள்ள சிறு டப்பாவில் எடுத்து, பூனையின் அடையாளத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். உடனே பார்க்க முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைக்கலாம், உறைய விடக்கூடாது. ஒருமுறை நான் பலச்சாங் என்ற பர்மிய இறால் வறுவலின் டப்பாவைக் கழுவி அதில் வைத்திருந்தேன். அண்ணி அதைத் திறந்துவிட்டார். இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இறால் வறுவலுக்கே இடமில்லாமல் போயிற்று.

அடுத்து, புழு முட்டைகளை மேலே மிதக்கவைக்கும் உப்புக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீரைச் சுடவைத்து 400 கிராம் சாதாரண உப்பைக் கலக்குங்கள். ஆறியபின் அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் நிற்க வேண்டும். அதுதான் சரியான பதம். கோழிமுட்டை மிதந்தால் போதும் என்பார்கள். போதாது. கோழிமுட்டை மிதக்க 1.1 அடர்த்தியே தாராளம்; புழு முட்டைக்கு நமக்கு 1.2 வேண்டும். சர்க்கரைப் பாகு இன்னும் நன்றாக மிதக்கவைக்கும். ஆனால் நான்காம் மாடிக்கும் எறும்பு ஏறி வரும்.

நெல்லிக்காய் அளவு மலத்தை இந்தக் கரைசலில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, சிறு குழாயில் விளிம்புக்கு மேலே சற்றுப் புடைத்து நிற்கும்படி ஊற்றுங்கள். மேலே கவர் ஸ்லிப்பை, அதாவது மெல்லிய கண்ணாடிச் சில்லை, வையுங்கள். 15 நிமிடம் தொடாதீர்கள். பிறகு அதை நேராகத் தூக்கி ஸ்லைடு என்ற கண்ணாடிப் பட்டையில் வைத்தால், மிதந்து வந்த முட்டைகள் அதில் ஒட்டியிருக்கும். சென்ட்ரிபியூஜ் என்ற வேகச் சுழல் கருவியில் சுற்றினால் இன்னும் அதிகம் பிடிபடும். அந்த வசதி கால்நடை மருத்துவரிடம் இருந்தால் விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் உப்பு படிகமாகிவிடும், முட்டையும் சுருங்கிவிடும்.

என்னுடையது கீழே கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கி. மின்சாரம் போகும் ஊரில் அதைவிட நம்பகமான கருவி இல்லை. பலகணியில் வைத்து வானத்து வெளிச்சத்தை வாங்குகிறேன். சூரியனை நேராக ஒருபோதும் அல்ல. வெளிச்சத்தைக் குறைத்தால்தான் முட்டையின் ஓடு தெரியும். புதிதாகப் பார்ப்பவர்கள் விளக்கைக் கூட்டிக் கூட்டியே தவறவிடுவார்கள். 10 மடங்கு லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் வயல் உழுவதுபோல் வரிசையாகப் பார்த்துவிட்டு, சந்தேகமானதை மட்டும் 40 மடங்கில் பாருங்கள்.

உருண்டைப் புழுவின் முட்டை பழுப்பாக, ஓடு முழுவதும் குழிவிழுந்து, தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போல இருக்கும். கொக்கிப் புழுவுடையது மெல்லிய ஓட்டோடு நீள்வட்டமாக, உள்ளே திராட்சைக் கொத்துபோல் செல்களோடு. குட்டிகளில் இதைக் கண்டால் ஈறு வெளுத்திருக்கிறதா என்று உடனே பாருங்கள், இரத்தத்தைக் குடித்தே கொல்லும் புழு இது. விளிம்பு கறுத்து, கச்சிதமான வட்டமாக இருப்பது காற்றுக்குமிழி. எலி தின்ற பூனையில் எலியின் புழு முட்டைகளும் வெறுமனே கடந்து போகும்.

நாடாப் புழு இந்த முறையில் பெரும்பாலும் சிக்காது. வாலைத் தூக்கிப் பாருங்கள், அரிசிமணி போல் ஒட்டியிருந்தால் அதுதான். ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் குடல் கிருமிக்கு உப்பு உதவாது, துத்தநாக சல்பேட் வேண்டும். மீன் குடலைத் தின்று வளரும் சந்தைப் பூனைகளுக்குத் தட்டைப்புழு வரலாம். அதன் முட்டை கனமானது. மிதக்காது, அடியில் படியவைத்துத் தேட வேண்டும்.

ஒரே ஸ்லைடைப் பார்த்து ‘சுத்தம்’ என்று எழுதிக் கொடுத்து நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. மூன்று வாரத்தில் அந்தப் பூனை கீழ்வீட்டுப் படியில் உருண்டைப் புழுவை வாந்தியெடுத்தது. புழு முட்டையிடாத நாளும் உண்டு. தாய்ப்பாலில் தொற்றிய குட்டிக்கு முட்டை வெளிவரவே ஆறேழு வாரம் ஆகும். ஒன்றுவிட்டு ஒருநாள் மூன்று மாதிரியாவது பார்க்காமல் ‘இல்லை’ என்று இப்போது நான் சொல்வதில்லை.

கர்ப்பிணி இருக்கும் வீடுகளில், பூனை மலம் வழியாகவும் பரவிக் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமியின் பயம் வந்துவிடுகிறது, பூனையைத் துரத்தச் சொல்கிறார்கள். பூனை அதை முதல்முறை தொற்றியபின் ஒன்று முதல் மூன்று வாரம்தான் பெரும்பாலும் மலத்தில் விடும். 10 முதல் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அளவுள்ள அதை ஸ்லைடில் பார்ப்பது அதிர்ஷ்டம். பார்த்தாலும், அதேபோல் தெரியும் வேறொரு கிருமியிலிருந்து பிரிக்க முடியாது. இரத்தத்தில் பழைய எதிர்ப்புப் பொருள் இருந்தால், விட வேண்டியதை அது பெரும்பாலும் ஏற்கெனவே விட்டுமுடித்த பூனை. மலத்தில் வெளியான கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே தினமும் அப்புறப்படுத்துங்கள், கர்ப்பிணி அதைத் தொட வேண்டாம், கீரையைக் கழுவுங்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள்.

மருந்து எடைக்கேற்றது, மருத்துவர் சொல்லட்டும். கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு ஸ்லைடு பாருங்கள்.

வேலை முடிந்ததும் பாத்திரங்களில் கொதிநீரை ஊற்றுங்கள். பிளீச்சுக்கு உருண்டைப் புழுவின் முட்டைகள் அசையாது. என் வடிகட்டியின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். பலச்சாங் விவகாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிவப்பு நூல் கட்டிய எதையும் யாரும் தொடுவதில்லை.